பி0172 கோடு, ஐட்லிங்கில் ட்ரிம் மைனஸ் 21: ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா?

மூணாவது_கியர்:

வண்டி 2012 மாடல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், பெட்ரோல், பிஎஸ்4. ஓட்டம் 92,000 கிமீ. கேஸ் கிட் போட்டதில்லை. காற்றை அளக்க மேப் சென்சார்தான் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்ப்பது), ஏர் ஃப்ளோ மீட்டர் கிடையாது. பெட்ரோல் ரிட்டர்ன் லைனும் இல்லை. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளே பம்ப்போடு சேர்ந்திருக்கிறது.

செக் எஞ்சின் லைட் எரிகிறது, கோடு பி0172 (கலவையில் பெட்ரோல் அதிகம்). சைலன்சர் வாயில் விரலை வைத்தால் கரி. சிட்டிக்குள் 14 கொடுத்த வண்டி இப்போது 12ஐத் தாண்டுவதில்லை. காலையில் முதல் ஸ்டார்ட் பரவாயில்லை. ஓடிச் சூடான வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் கழித்து எடுத்தால்தான் தகராறு: நெடுநேரம் கிராங்க் ஆகி, கரும்புகை தள்ளி, சில விநாடி தடதடவென்று ஆடிவிட்டு அப்புறம் சரியாகிறது.

ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பது) பார்த்த ரீடிங் (எஞ்சின் நன்றாகச் சூடு, ஏசி ஆஃப்):

ஐட்லிங் 750 ஆர்பிஎம்: லாங் டேர்ம் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் செய்யும் நீண்டகாலத் திருத்தம், சதவீதத்தில்) மைனஸ் 21, ஷார்ட் டேர்ம் (உடனடித் திருத்தம்) மைனஸ் 3க்கும் மைனஸ் 6க்கும் நடுவில். முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் பெரும்பாலும் 0.7 – 0.8 வோல்ட் (பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம்), எப்போதாவது கீழே இறங்கும்.
2500 ஆர்பிஎம்: லாங் டேர்ம் மைனஸ் 8, ஷார்ட் டேர்ம் பூஜ்யத்தை ஒட்டி. சென்சார் 0.1க்கும் 0.8க்கும் இடையே வேகமாக ஏறி இறங்குகிறது.
கூலன்ட் 88 டிகிரி. மேப் ஐட்லிங்கில் 33 கிலோபாஸ்கல்.

ஒர்க்‌ஷாப்பில் ஏர் ஃபில்டரும் நாலு ப்ளக்கும் மாற்றியாயிற்று. லைட் போகவில்லை. அடுத்து ஆக்ஸிஜன் சென்சார் போட வேண்டும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் காரணம் என்கிறார். சென்சாருக்குக் காசு கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

---

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:

சென்சாரை வாங்காதீர்கள். நீங்கள் போட்ட ரீடிங்கிலேயே அது நல்ல சென்சார் என்பது தெரிகிறது. 2500இல் அவ்வளவு வேகமாக மேலும் கீழும் ஆடுகிற சென்சார் செத்திருக்க வாய்ப்பில்லை.

பி0172 வந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ட்ரிம் எந்தப் பக்கம் நிற்கிறது, ப்ளக் என்ன நிறம் என்ற இரண்டையும் சேர்த்து. ட்ரிம் மைனஸ் என்றால் இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. சென்சார் பொய்யாக ‘ரிச்’ (பெட்ரோல் அதிகம்) என்று காட்டியிருந்தால், இசியு தேவையில்லாமல் குறைத்து எஞ்சின் உண்மையில் லீனாகியிருக்கும் (பெட்ரோல் குறைந்திருக்கும்). ப்ளக் வெளுத்து, பிக்கப் போய், வண்டி இழுத்து இழுத்து ஓடும். உங்களுக்குக் கரி வருகிறது. ஆகவே சென்சார் சொல்வதும் சைலன்சர் சொல்வதும் ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறான கேஸும் உண்டு. ட்ரிம் பிளஸ் 15, பிளஸ் 20 என்று நிற்கும், ஆனால் கரி கொட்டும். அங்கேதான் சென்சாரையோ, அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் லீக்கையோ சந்தேகிக்க வேண்டும். லீக் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்தால் சென்சார் அதை லீன் என்று எடுத்துக்கொள்ளும், இசியு பெட்ரோலை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலும் இதே கதை. எரியாத ஆக்ஸிஜன் அப்படியே சென்சாருக்குப் போகிறது. பி0172 வராமல் பி0171 (லீன் கோடு) வந்த வண்டியில் சைலன்சர் கறுப்பாக இருப்பது இப்படித்தான்.

இனி உங்கள் வண்டி. ஐட்லிங்கில் இரண்டு ட்ரிம்மையும் கூட்டினால் ஏறத்தாழ மைனஸ் 25. 2500இல் மைனஸ் 8. இந்த வித்தியாசம்தான் முக்கியமான துப்பு. பெட்ரோல் ப்ரஷர் அதிகம், மேப் தப்பாகக் காட்டுகிறது என்றால் ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனும் ஒரே விகிதத்தில் கூடும். ஐட்லிங்கிலும் 2500இலும் ட்ரிம் கிட்டத்தட்ட ஒரே அளவு மைனஸில் நிற்கும். உங்களுக்கு அப்படி இல்லை. இசியுவுக்குத் தெரியாமல் ஏதோ ஒரு இடத்திலிருந்து மாறாத அளவு பெட்ரோல் எப்போதும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் கொஞ்சமாகக் குடிக்கும்போது அது பெரிய பங்கு, நிறையக் குடிக்கும்போது சின்னப் பங்கு.

கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்த அளவு எஞ்சின் ஐட்லிங்கில் மணிக்கு சுமார் 0.6, 0.7 லிட்டர் எடுக்கும். அதில் கால் பங்கு என்றால் மணிக்கு 150 மில்லி, நிமிஷத்துக்கு இரண்டரை மில்லி. 2500இல் லோடு இல்லாமல் குடிப்பது அதைப்போல மூன்று மடங்கு. அதே 150 மில்லி அங்கே 8 சதவீதம். உங்கள் இரண்டு ரீடிங்கும் இதில் பொருந்துகிறது.

மாறாத அளவு வரக்கூடிய வழிகள் உங்கள் வண்டியில் மூன்றுதான்: கேனிஸ்டர் பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவிலிருந்து அதை எஞ்சினுக்கு விடுவது) மூடாமல் நிற்பது, எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலந்து அதன் ஆவி பிசிவி (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு விடும் வால்வு) வழியாக வருவது, ஏதாவது ஒரு இன்ஜெக்டர் மூடிய நிலையிலும் ஒழுகுவது. சூடான ஸ்டார்ட் தகராறு மூன்றாவதைக் காட்டுகிறது. ஆனாலும் முதல் இரண்டைப் பார்க்க ஐந்து நிமிஷம்தான், செலவும் இல்லை. பார்த்துவிடுங்கள்.

---

லாம்டா_ஒண்ணு:

இ20 பற்றி மட்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை, இ20க்கு 13.5ஐ ஒட்டித்தான். அதாவது அதே காற்றுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும். பழைய இசியு ப்ரோகிராமோடு இருக்கும் பிஎஸ்4 வண்டியில் இ20 ஊற்றினால் ட்ரிம் பிளஸ் பக்கம் நகரும், மைனஸ் பக்கம் அல்ல. மைலேஜ் குறையும், அது உண்மை. எத்தனால் இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 7 சதவீதம் வரை சக்தி குறைவு. ஆனால் கரியும் பி0172ம் அதனால் வராது. ‘எல்லாத்துக்கும் இ20தான்’ என்பது இப்போது ஒர்க்‌ஷாப்பில் சுலபமான பதிலாகிவிட்டது.

---

கொங்கு_கிராங்க்:

தம்பி, வரிசையா இப்படிப் பாருங்க.

முதல்ல பர்ஜ் வால்வு. இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பக்கத்துல ரெண்டு ஒயர் கப்ளரோட சின்ன சொலினாய்டு, ஒரு ஹோஸ் மேனிஃபோல்டுக்கு, இன்னொண்ணு கேனிஸ்டருக்கு. எஞ்சின் சூடா ஐட்லிங்ல ஓடும்போது கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழட்டி, வால்வு வாயில விரலை வைங்க. கப்ளரையும் பிடுங்கிடுங்க. கரண்ட் இல்லாதப்ப அந்த வால்வு மூடியிருக்கணும், விரலை உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினா வால்வு போச்சு. மேனிஃபோல்டு பக்கம் ரப்பர் ஹோஸா இருந்தா துணி சுத்தி பிளையரால அமுக்கி ட்ரிம்மைப் பாருங்க. அரை நிமிஷத்துல ஷார்ட் டேர்ம் மளமளன்னு பிளஸ்ஸுக்கு ஏறுனா அதுதான் திருடன்.

பங்க்ல ஆட்டோ கட் ஆன பிறகும் ‘ரவுண்டா போடுங்க’ன்னு ஊத்தறது வழக்கமா இருந்தா, கேனிஸ்டர் கரிக்குள்ள திரவப் பெட்ரோலே போய் ஊறியிருக்கும். அப்ப வால்வு நல்லா இருந்தாலும், அது திறக்கற நேரமெல்லாம் ரிச் ஆகும். கேனிஸ்டரைக் கழட்டிக் கையில தூக்கிப் பாத்தாலே கனம் தெரியும்.

அடுத்து ஆயில். ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை, லெவல் மேல் கோட்டைத் தாண்டி இருக்கு, விரல்ல தேச்சா தண்ணி மாதிரி இருக்குன்னா கலந்திருக்கு. ஐட்லிங்ல பிசிவி ஹோஸையும் ப்ரீதர் ஹோஸையும் எஞ்சின்ல இருந்து கழட்டி, இன்டேக் பக்கத்து ஓட்டை ரெண்டையும் அடைச்சுட்டு ட்ரிம்மைப் பாருங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல அப்படி விட வேண்டாம். ட்ரிம் மேல வந்தா அந்த அளவு ஆயில் ஆவியால வர்றது. ஆனா ஒண்ணு, ஆயில்ல பெட்ரோல் கலந்தது நோய் இல்ல, நோயோட விளைவு. ஆயிலை மட்டும் மாத்தினா பத்து நாள் நல்லா இருக்கும், திரும்ப வரும்.

மூணாவது ஸ்டார்ட் டெஸ்ட். வண்டியைச் சூடாக்கி நிறுத்தி அரை மணி விடுங்க. ஒரு தடவை, கிராங்க் பண்றதுக்கு முன்னாடி சாவியை ஆன் பண்ணி மூணு விநாடி, ஆஃப், இப்படி மூணு முறை செஞ்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே பிடிச்சா லைன்ல ப்ரஷர் இறங்கியிருந்தது, பம்ப்புக்குள்ள பெட்ரோல் திரும்பி இறங்காம தடுக்கற செக் வால்வைச் சந்தேகப்படணும். இன்னொரு தடவை அதே மாதிரி சூடாக்கி விட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கிராங்க் பண்ணுங்க. பெடல் தரையில இருந்தா பெரும்பாலான இசியு இன்ஜெக்டரை நிறுத்திடும், வெறும் காத்துதான் போகும். அப்படிச் செஞ்சா ஒரு புகையோட டக்குனு பிடிக்குதுன்னா சிலிண்டர்ல பெட்ரோல் தேங்கியிருந்தது. இன்ஜெக்டர் ஒழுகல்.

அப்புறம் ப்ளக். நாலையும் கழட்டி வரிசை மாறாம வைங்க. நாலும் ஒரே மாதிரி கறுப்பா, ஒண்ணு மட்டும் கறுப்பான்னு பாக்கணும். ஒண்ணு மட்டும் கறுப்பு, மத்த மூணும் வழக்கத்தை விட வெளுப்புன்னா கேஸ் முடிஞ்சது.

---

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:

அந்தக் கடைசி வரி ஏன் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முன்பக்க சென்சார் நாலு சிலிண்டரின் கலவையையும் சேர்த்து ஒரே சராசரியாகத்தான் பார்க்கும். ஒரு சிலிண்டரில் ஒழுகினால் இசியு நாலுக்கும் சமமாகக் குறைக்கும். சராசரி சரியாகிவிடும்; ஒழுகுகிற சிலிண்டர் ரிச்சாகவே இருக்கும், ஒழுகாத மூன்றும் லீனாகிவிடும். ‘ட்ரிம்தான் சரிசெய்கிறதே, ஓட்டிக்கொண்டிருக்கலாம்’ என்று விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

---

நீலகிரி_நாலுசக்கரம்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கும் பி0172தான். ஆனால் ஐட்லிங்கில் மைனஸ் 17, 2500இல் மைனஸ் 16. வண்டி ஊட்டியில். மேப் இதே டைப்.

---

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:

உங்களுடையது மாறாத விகிதம், வேறு கேஸ். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேப் ரீடிங்கைப் பாருங்கள். அந்த நிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 – 101 கிலோபாஸ்கல் இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே 77, 78ஐ ஒட்டி வர வேண்டும். 90 காட்டினால் சென்சார் போய்விட்டது. கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்பில் ‘நார்மல்’ என்று மனப்பாடமாக வைத்திருக்கும் எண்ணோடு உங்கள் ரீடிங்கை ஒப்பிடாதீர்கள்.

அது சரியாக இருந்தால் சூடான ஐட்லிங்கில் பாருங்கள். 30 – 36 வந்தால் நல்லது. 45, 50 என்று நின்றால் வேக்யூம் குறைவு. மேப் வண்டியில் இதில் ஒரு சூட்சுமம்: வேக்யூம் குறைந்தால் இசியு லோடு கூடிவிட்டது என்று நினைத்துப் பெட்ரோலை ஏற்றும். சென்சார் பொய் சொல்லாமலேயே ரிச் ஆகும். டைமிங் செயின் நீண்டு ஒரு பல் தள்ளியிருப்பது, டேப்பெட் கிளியரன்ஸ் இல்லாமல் வால்வு முழுதாக உட்காராமல் இருப்பது இரண்டும் இப்படிக் காட்டும். கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்.

பிறகு கூலன்ட் சென்சார். ஸ்கேனரில் 88 என்று வந்தால் போதாது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் கூலன்ட், இன்டேக் காற்று இரண்டின் ரீடிங்கும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். கழட்டி அளந்தால் பெரும்பாலான சென்சாரில் 20 டிகிரியில் 2 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம். ஓட்டும்போது 70ஐத் தாண்டவே இல்லை என்றால் சென்சாரை விட்டுவிட்டு தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். மலைக் குளிரில் திறந்தே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட் இருந்தால் எஞ்சின் எப்போதும் சோக் போட்ட மாதிரியே ஓடும்.

கடைசியாக ப்ரஷர். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 4 பார் இருந்தால் இன்ஜெக்டர் வழியாகப் போவது 15 சதவீதம் கூடும். ஓட்டம் ப்ரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உங்கள் மைனஸ் 16க்கு அது ஏறத்தாழப் பொருந்துகிறது. மேப் சரியாக இருந்தால் நேராக கேஜைப் போட்டுப் பார்க்கலாம்.

---

மூணாவது_கியர்:

கொங்கு அண்ணன் சொன்னபடி எல்லாம் பார்த்தேன்.

பர்ஜ் வால்வு உறிஞ்சவில்லை, ஹோஸை அமுக்கினாலும் ட்ரிம் அசையவில்லை. ஆயிலில் பெட்ரோல் வாசனை தெளிவாக இருக்கிறது, லெவல் மேல் கோட்டுக்குச் சற்று மேலே. பிசிவி இரண்டையும் அடைத்தபோது மொத்த ட்ரிம் மைனஸ் 25லிருந்து மைனஸ் 19க்கு வந்தது. சாவியை மூன்று முறை ஆன் செய்த டெஸ்டில் பலனில்லை. பெடலை முழுதும் மிதித்தபோது உடனே பிடித்தது, நல்ல கரும்புகை. ப்ளக்: இரண்டாம் சிலிண்டர் மட்டும் ஈரமான கறுப்பு. மற்ற மூன்றும் வெளிர் சாம்பல்.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலை வெளியே எடுத்துப் பார்க்கலாமா? வீட்டிலேயே செய்யக்கூடியதா?

---

கொங்கு_கிராங்க்:

செய்யலாம், ஆனா வெளியில, காத்தோட்டமான இடத்துல, எஞ்சின் முழுசா ஆறின பிறகு. பக்கத்துல தீயணைப்பான் இருக்கணும். வீட்டுக்குள்ள, கேஸ் அடுப்பு இருக்கற பக்கம் வேண்டவே வேண்டாம்.

1. ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி எஞ்சினை ஓட விடுங்க. தானா நிக்கும். இன்னும் ரெண்டு மூணு விநாடி கிராங்க் பண்ணுங்க, லைன்ல ப்ரஷர் இறங்கிடும். பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க.

2. ரெயில் சுத்தி ஏர் அடிச்சு மண்ணைப் போக்குங்க. இதை விட்டா மண்ணு நேரா இன்டேக் போர்ட்டுக்குள்ள விழும். இன்ஜெக்டர் கப்ளர் நாலையும், இக்னிஷன் காயில் கப்ளர் நாலையும் கழட்டுங்க.

3. ரெயில் போல்ட்டை எடுத்து, ரெண்டு பக்கமும் சமமா ஆட்டி நேரா மேல தூக்குங்க. பெட்ரோல் பைப்பைக் கழட்ட வேண்டாம், அது ரெயிலோடயே இருக்கட்டும். இன்ஜெக்டர் ரெயில்ல க்ளிப்போட நிக்கணும். க்ளிப் இல்லாத டைப்னா கம்பி போட்டுக் கட்டுங்க. இல்லாட்டி ப்ரஷர் வந்ததும் தெறிச்சு வெளிய வந்துரும். போர்ட் ஓட்டை நாலையும் சுத்தமான துணியால மூடுங்க.

4. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கு அடியிலும் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். பேட்டரி, பம்ப் ஃப்யூஸ் திரும்ப மாட்டி, சாவியை ஆன் – ஆஃப் நாலஞ்சு தடவை. கிராங்க் பண்ணக் கூடாது.

5. நிமிஷத்துக்கு ஒரு சொட்டுக்குள்ள இருந்தா ஏத்துக்கலாம். அதுக்கு மேல ஒழுகுனா அந்த இன்ஜெக்டர் அவுட்.

கேஜ் இருந்தா ரெயிலைத் தூக்காமலே ஓரளவு தெரியும். எஞ்சினை நிறுத்தி அஞ்சு நிமிஷத்துல 3 பார்ல இருந்து 2க்குக் கீழ இறங்கக் கூடாது. இறங்குனா, கேஜ் கிட்டுல இருக்கற வால்வால டேங்க் பக்கத்தை மூடிப் பாருங்க. அப்பவும் இறங்குனா இன்ஜெக்டர், நின்னா டேங்க் பக்கம். இப்ப வர்ற நைலான் பைப்பைப் பிளையரால நசுக்கிப் பாக்காதீங்க, விரிசல் விட்டுரும்.

---

மூணாவது_கியர்:

இரண்டாம் இன்ஜெக்டர் விடாமல் சொட்டுகிறது. மற்ற மூன்றும் நுனிகூட நனையவில்லை. நாலின் ஓமும் அளந்தேன், எல்லாம் 12க்கு மேல், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. அல்ட்ராசோனிக் க்ளீனிங் கொடுத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா? மாற்றினால் ஒன்றா, நாலுமா?

---

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:

ஓம் சரியாக இருப்பது காயிலுக்கு மட்டுமே சான்று. ஒழுகலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நாலையும் பெஞ்சில் கொடுத்து க்ளீனிங்குக்கு முன் ஒரு ஃப்ளோ டெஸ்ட், பின் ஒரு ஃப்ளோ டெஸ்ட், கூடவே லீக் டெஸ்ட் கேளுங்கள். நுனியில் தூசோ பிசினோ மாட்டியிருந்தால் க்ளீனிங்கில் சரியாகும். வால்வு உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் ஒழுகும். பின் டெஸ்டிலும் சொட்டினால் அதே பார்ட் நம்பரில் புதிது ஒன்று. மற்ற மூன்றின் ஃப்ளோ ஒன்றுக்கொன்று ஒட்டி வந்தால் அவற்றைத் தொட வேண்டாம். நாலும் மாற்றச் சொன்னால் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

மாட்டும்போது மேல் ஓ-ரிங், கீழ் ரப்பர் எட்டும் புதிது. ஓ-ரிங்கில் துளி எஞ்சின் ஆயில் தடவி நேராக இறக்குங்கள். கிரீஸும் சிலிக்கானும் வேண்டாம், சிலிக்கான் ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை மட்டும் ஆன் செய்து ரெயிலைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

---

கொங்கு_கிராங்க்:

ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் மாத்துங்க, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே. உங்களுக்கு மைனஸ் 25ல 6 ஆயில் ஆவியால வந்தது. அதை விட்டுட்டா இன்ஜெக்டர் மாத்தியும் குறையலையேன்னு திரும்ப வேற எதையாவது கழட்டுவீங்க. பெட்ரோல் கலந்த ஆயில்ல பேரிங் தேயறது தனிக் கணக்கு.

---

லாம்டா_ஒண்ணு:

ஸ்கேனரில் கோடை அழித்து லாங் டேர்ம் ட்ரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அழிக்காமல் எடுத்தால் இசியு பழைய மைனஸ் 21ஐ வைத்துக்கொண்டே தொடங்கும். இப்போது ஒழுகல் இல்லாததால் எஞ்சின் லீனாகி ஐட்லிங்கில் ஏறி இறங்கும், புது இன்ஜெக்டரும் பழுதோ என்று தோன்றும்.

பிறகு ஹைவேயில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டினால் சென்சாரில் படிந்த கரி எரிந்துவிடும். சூடான ஐட்லிங்கிலும் 2500இலும் இரண்டு ட்ரிம்மின் கூட்டுத்தொகை பிளஸ் மைனஸ் 5க்குள் வர வேண்டும்; இ20 ஊற்றியிருந்தால் பிளஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் போனாலும் பயமில்லை. பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரையும் பாருங்கள்: 0.6, 0.7இல் நிதானமாக நின்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தப்பித்தது. முன் சென்சார் மாதிரியே அதுவும் மேலும் கீழும் ஆடினால் கொஞ்ச நாளில் பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு) வரும்.

மாசுச் சான்றிதழ் எடுக்கும்போது ஸ்டிக்கரோடு நிற்காமல் பிரிண்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்ஸைடு வரம்பு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம். ஹை ஐட்லிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 0.2, லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம், சரியான கலவைக்கு 1) 0.97க்கும் 1.03க்கும் நடுவில். கன்வெர்ட்டர் நன்றாக இருக்கும் வண்டியில் கார்பன் மோனாக்ஸைடு பூஜ்யத்தை ஒட்டியே வரும். 0.25 என்று வந்து பாஸ் ஆனால், ட்ரிம்மை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.